மூன்று நூல் குறைந்த பலகை

நீ செய்து கொடுத்த அலமாரியை நான் பிடுங்கி எறிந்துவிட்டதாக நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எறியவில்லை, கழற்றினேன். இந்த மழைக்குச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. பூச்சு உதிர ஆரம்பித்ததும் ஐந்து பலகைகளையும் எடுத்துத் துடைத்து, வெயில் படும் இடத்தில் சாய்த்து வைத்தேன். அதை மாடியில் குடியிருக்கும் அம்மாள் பார்த்துவிட்டாள். "பாய் வீட்டம்மா செஞ்சு குடுத்ததாம். அவங்க போய் ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை, டீச்சர் கழட்டிட்டாங்க" என்று குழாயடியில் சொல்லியிருக்கிறாள். காரணத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் பலகைகளைக் கழற்றியதும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. மேல் பலகையைத் திருப்பியபோது தேக்கு வாசனை வந்தது. கூடவே அடிப்பக்கத்தில் உன் பென்சில் எழுத்தும் தெரிந்தது. "டீச்சர் 35-5. சுவர் 36."

முப்பத்தைந்து அங்குலம் ஐந்து நூல் என்பது நான் எழுதிக் கொடுத்த அளவு. அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குதான் நூல் என்பதை எனக்குச் சொன்னவளே நீதான். இரண்டாவது பலகையைத் திருப்பினேன். "டீச்சர் 35-5. சுவர் 35-7." மூன்றாவதில், "டீச்சர் 35-5. சுவர் 36-1." ஐந்து பலகையிலும் டீச்சர் மாறவே இல்லை. சுவர்தான் மாறிக்கொண்டே இருந்தது.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

சுனாமிக்கு முந்தைய வருடம் அது. என் கணவர் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருடைய புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. நீ ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்படியே வெச்சா இதையெல்லாம் கரையான்தான் படிக்கும் டீச்சர்" என்றாய். கூடத்துச் சுவருக்குள் குழிந்து வெறுமனே இருந்த அகலப் பிறையைக் காட்டி, "இதுல அஞ்சு பலகை போட்டா போதும். ஆசாரியெல்லாம் வேணாம். அளக்கிறது நீங்க, அறுக்கிறது நான்" என்றாய். உன் அத்தா மரக்கடையை மூடியபோது உன் பங்குக்கு வந்த தேக்குப் பலகைகளை நீ யாருக்கும் கொடுக்காமல் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தாய். அதிலிருந்து எனக்குக் கொடுக்க வந்தாய் என்பதை அன்று நான் பெரிதாக எண்ணவில்லை. இன்று எண்ணுகிறேன்.

அளக்க நான் எடுத்தது என் தையல் நாடா. பள்ளியில் தையலுக்கு முதல் பரிசாகக் கிடைத்தது. ஐம்பது வருடமாக அதே தகர டப்பாவில் இருந்தது. "தவறாக அளந்தவளைத் துணி மன்னிக்காது" என்று எங்கள் கான்வென்ட் தையல் சிஸ்டர் சொல்வார். அந்த நாடாவால் எத்தனை ரவிக்கை, எத்தனை திரைச்சீலை தைத்திருப்பேன். ஒன்றுகூடப் பொருந்தாமல் போனதில்லை. பிறையின் மேல்பக்கத்தில் ஒரு முறை அளந்தேன். கோடு போட்ட தாளில் எழுதி, அடியில் கோடிட்டு, உன்னிடம் கொடுத்தேன்.

நீ உன் இரும்பு டேப்பை வைத்து முதல் பலகையை அறுத்துக்கொண்டு வந்தாய். அந்த டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் உன் மருமகள். அவளும் கூடவே வந்திருந்தாள். பலகையைப் பிறையில் வைத்தோம். ஒரு பக்கம் சுவரை ஒட்டினால் மறுபக்கம் இடைவெளி. என் பென்சிலை அதில் விட்டுப் பார்த்தேன். நேராகக் கீழே விழுந்தது.

அன்று நான் பேசியதை மாற்றாமல் எழுதுகிறேன். "முப்பத்தஞ்சு அஞ்சு நூல்னு தெளிவா எழுதிக் குடுத்தேன். எழுதினதைப் பார்த்து வெட்டக்கூடவா தெரியலை? மரக்கடைக்காரர் பொண்ணுன்னு வேற சொல்லிக்கிற." உன் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். சர்க்கரை கேட்டு வந்த மாடி வீட்டு அம்மாளும் நின்றுகொண்டிருந்தாள். மருமகளின் முகம் சிவந்துவிட்டது. "இல்ல ஆன்ட்டி, மாமி சரியாத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ வீட்டுக்குப் போய் அடுப்பைப் பாரும்மா" என்று நீ அவளை அனுப்பிவிட்டாய். பிறகு என்னைப் பார்த்து, "டீ போடுங்களேன் டீச்சர், தொண்டை காயுது" என்றாய்.

நான் டீ போட்டு வருவதற்குள் நீ ஐந்து இடத்திலும் சுவரை அளந்திருக்கிறாய். இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. டீயைக் குடித்துவிட்டு, குட்டையான பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாய். மூன்று நாள் கழித்து ஐந்து பலகைகள் வந்தன. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டித்தான் உள்ளே இறக்கவேண்டியிருந்தது. ஒரு தாளைக்கூட இடையில் நுழைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்ன கதை உனக்கே தெரியும். முதல் பலகையைத் தப்பாக வெட்டிவிட்டாள், நான் ஒரு தடவை சொன்னேன், அப்புறம் பிசகவே இல்லை. நீ பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருப்பாய். "ஆமாமா, டீச்சர் அதட்டினா மரமே அளவுக்கு வந்துடும்" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் என்னைப் புகழ்கிறாய் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் நாடாவை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் உள்ள இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். மூன்று டேப்புகளை எடுக்கச் சொல்லி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றின் முனைக் கொக்கி வளைந்திருந்தது. மற்ற இரண்டிலிருந்தும் அது அரை நூல் விலகி நின்றது.

"இன்னாம்மா, டேப்பு வாங்க வந்தியா, அதுக்குப் பரீட்ச வெக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"இரண்டும்தான்."

"அர நூலு முன்ன பின்ன கீது. அதுக்குப் போய் இன்னா?"

"அரை நூல் நீளமாக இருந்தால் பலகை உள்ளே போகாது. அதுக்குப் போய்த்தான்."

"சரி, உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. புடிச்சதை எடுத்துக்கோ" என்று சிரித்தார். ஒத்துப்போன இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பிறகு அங்கேயே என் பரிசு நாடாவை அதன் பக்கத்தில் விரித்தேன். இரும்பு டேப் முப்பத்தாறு காட்டிய இடத்தில் என் நாடா முப்பத்தைந்து அங்குலம் ஐந்து நூல் காட்டியது. ஐம்பது வருடம் இழுத்து இழுத்து அது நீண்டுபோயிருக்கிறது. ரவிக்கைகள் ஏன் பொருந்தின என்றும் புரிந்தது. உடம்பை அளந்ததும் அதே நாடா, துணியை அளந்ததும் அதே நாடா. தப்பு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்ததால் வெளியே தெரியவில்லை. என் நாடாவால் அளந்து உன் டேப்பால் வெட்டியபோதுதான் தெரிந்தது. அப்போதும் நான் உன்னைத்தான் பார்த்தேன், நாடாவைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடி வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, நாடாவையும் டேப்பையும் விரித்துக் காட்டினேன். பலகைகளின் அடிப்பக்கத்தையும் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ தப்பு உங்களுதா டீச்சர்?"

"ஆமாம்."

"அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லலை."

அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு வருத்தமாக இல்லை. ஒரு வேலையைச் சரியாக முடித்தது போல இருந்தது. நீ இருந்திருந்தால் இதையும் முறுக்கு மாதிரிக் கடித்துத் தின்றிருப்பாய்.

சுவருக்குப் புதுப் பூச்சு காய்ந்ததும் அளந்தேன். இரண்டாவது பலகையில் மட்டும் ஓரத்தைக் கொஞ்சம் இழைக்கவேண்டியிருந்தது. உன் எழுத்தைத் தொடாமல் இழைத்தேன். புத்தகங்கள் திரும்ப ஏறிவிட்டன. உன் ரம்பம் என்னிடம் இருக்கிறது, உன் மகன் கொடுத்தான். அதை வைத்து இரண்டு முக்காலி செய்துவிட்டேன், இரண்டும் ஆடுவதில்லை. இப்போதெல்லாம் ஒன்றை அளந்தால் குறைந்தது மூன்று இடத்தில் அளக்கிறேன். அளவு ஒத்துவராதபோது முதலில் என் கையில் இருப்பதைச் சோதிக்கிறேன். இந்த வயதில் கற்றுக்கொண்டதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

உனக்குத் தபால் அனுப்ப வழியில்லை. அதனால் இதைக் கேளம்பாக்கத்தில் இருக்கும் உன் மருமகளுக்கு அனுப்புகிறேன். அன்று நின்று கேட்டவர்களில் அவளுக்கு மட்டும்தான் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, மகளே, இனி உனக்கு எழுதுகிறேன். அன்று நீ சொல்லவந்தது சரி. உன் மாமியார் எழுதிக் கொடுத்தபடிதான் வெட்டினார். நான் எழுதிக் கொடுத்ததுதான் தவறு. இதை உன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு.

அவர்களுடைய புத்தகங்களுக்குப் பலகை அடிக்கச் சுவரில் இடம் இருக்கிறது, "ஒரு மூணடி இருக்கும் ஆன்ட்டி" என்று போனில் சொன்னாய். உன் மாமியாரின் தேக்கில் நான்கு பலகை இன்னும் இங்கே உங்கள் பழைய வீட்டுப் பின்கட்டில் இருக்கிறதாம். உன் கணவனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், நானே அறுக்கிறேன். இந்தக் கடிதத்தோடு என் இரும்பு டேப்பை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு பலகை வரும் இடத்திலும் இடது, நடு, வலது என்று ஆழத்தையும், முன்னும் பின்னும் அகலத்தையும் அளந்து, தாளில் எழுதி, டேப்போடு சேர்த்துத் தபாலில் அனுப்பு. போனில் சொல்லவேண்டாம். எழுதி அனுப்பு.