குதிகால் புள்ளி

என்னங்க, எழுந்ததும் முதல் வேலையாக இதைப் படியுங்கள். இரட்டைப் பயல்கள் இரண்டு பேருக்கும் பத்து மணி வரை காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம்.

விடிகாலை நான்கு மணிக்கு இருவருக்கும் உடம்பு சுட்டது. அரைத்தூக்கத்தில் ஒருவனுக்கு மருந்து ஊட்டி, அடையாளத்துக்குக் குதிகாலில் பேனாவால் புள்ளி வைத்தேன். எவனென்று பார்க்கவில்லை, புள்ளிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இன்னொருவன் மருந்துக்கு வாயே திறக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் இரண்டு பேர் காலிலும் புள்ளி! பக்கத்தில் நம் பெரியவள், கையில் பேனா. "தம்பி பாவம்ல, அவனுக்கும் வெச்சேன்" என்கிறாள். எந்தத் தம்பி என்றால் ஒருமுறை இவனைக் காட்டுகிறாள், மறுமுறை அவனை.

இருவர் வாயையும் மோந்துகூடப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆறு மணி பஸ்ஸை நான்தான் ஓட்ட வேண்டும், கிளம்புகிறேன். உடம்பு சுட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பத்து மணிக்கு ஆறு மணி நேரம் ஆகிவிடும், அதற்கு மேல் இருவருக்குமே கொடுக்கலாம். டிப்போவிலிருந்து எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

எந்தப் பிள்ளை எதுவென்று தெரியாத அப்பா என்று நேற்று உங்களைத்தான் திட்டினேன். இப்போது நானே முழிக்கிறேன்.

செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன், போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் உங்கள் குதிகாலிலும் புள்ளி. இது எதற்குடி என்றேன்.

"அப்பாவும் பாவம்ல. நீ திட்டினியே."