ஜாக்கி மேல் நிற்கும் லோரி

1951, வியாழன் இரவு

நாளைக்கு எஸ்டேட் துரை ரவாங் டவுனுக்குப் போகிறார். பட்டறைக்கு எண்ணெய் ஜாக்கி வாங்கவா, உத்தரத்தில் தொங்கவிடும் செயின் பிளாக் வாங்கவா என்று காலையில் என்னைக் கேட்டார். செயின் பிளாக்தான் என்றேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து இரும்புத் தகடு அடித்த பிறகு லோரி யானைக் கனம் கனக்கிறது. தூக்குவதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன், மடையன்.

சாயங்காலம் மச்சான் சூசை லோரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது. பட்டறை, எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றிய முள்கம்பி வேலிக்கு வெளியே இருக்கிறது. பழைய திருகு ஜாக்கியைச் சுற்றிச் சுற்றி இறக்க நேரமில்லை. மச்சானைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். இரண்டு பேரும் ஓடிவந்துவிட்டோம். லோரி அப்படியே ஜாக்கி மேல் நிற்கிறது.

கேட்டைப் பூட்டிய கான்ஸ்டபிளிடம், "ராத்திரி பட்டறைப் பக்கம் சத்தம் கேட்டா சுட்டுடாதீங்க, லோரி சரிஞ்ச சத்தமா இருக்கும்" என்றேன்.

"சத்தம் வந்தா சுடணும்னுதான் உத்தரவு லா. லோரியா ஆளான்னு இருட்டுல எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் துப்பாக்கியோடு நிற்கும் காவல் மேடைக்கும் பட்டறைக்கும் நடுவில்தான் எங்கள் லயம். பிள்ளைகளைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் படுக்கவைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்ட சின்னவளிடம் மூட்டைப்பூச்சி என்றேன்.

விடிந்ததும் துரையிடம் எண்ணெய் ஜாக்கி என்று மாற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் சட்டென்று இறங்கும்.

கூரையில் மழை விழ ஆரம்பித்துவிட்டது. மழை வந்தால் பட்டறைக்குள் தண்ணீர் புகும். ஜாக்கிக்கு அடியில் வெறும் மண்தரை.