சின்னச் சுத்தியலையும் எடுத்து வைத்திருக்கிறேன்

மகள் நேற்று ஒரு சோடி சப்பாத்து வாங்கி வந்து கதிரையில் வைத்தாள். தோல் சப்பாத்து, முன்பக்கம் மூடியது. முருங்கனில் இரும்பைக் காய்ச்சிக் கத்தி அடிக்கிறவர்கள் முதன்முறையாக ஒன்றுகூடுகிறார்களாம். மீன் சந்தையில் கத்தி தீட்டிக் காலம் தள்ளுகிற என்னையும் அவள் அதற்குப் பதிந்துவிட்டிருக்கிறாள். வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று, கூட்டத்தை நடத்துகிற பெடியன் போனில் பேசி அனுப்பியிருந்தான். அதையும் போட்டுக் காட்டினாள். "செருப்போட வராதேங்கோ. சாரம் வேண்டாம், களிசான் போடுங்கோ. நைலோன் சட்டை கூடவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி வேணும். ஆளாளுக்குச் சொந்தச் சுத்தியல் கொண்டு வாங்கோ."

எனக்கென்று ஏது சொந்தச் சுத்தியல்? இந்த வீட்டில் இருப்பது உன்னுடையது. அதைக் கொண்டு போவதா, அலுமாரிக்கு மேலேயே கிடக்க விடுவதா என்று நேற்றிலிருந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். செத்துப்போன பிறகும் மனிதனை நிம்மதியாக இருக்க விடமாட்டாய் நீ.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு உலைக்கு முன்னால் நின்றவன் நீ. அந்தப் பெடியன் உன்னைக் கண்டால் வாசலிலேயே மறித்திருப்பான். ஆனால் நைலோன் விஷயத்தில் நீயும் அவன் கட்சிதான். பெருநாளுக்கு எடுத்த பளபளப்புச் சட்டையோடு நான் வேலைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கும் உனக்கு. "கழட்டடா அதை. ஒரு பொறி விழுந்தாக் காணும், உருகித் தோலோட ஒட்டும்" என்று சத்தம் போட்டாய். பிறகு வந்தவன் போனவனுக்கெல்லாம், "புது மாப்பிள்ளை சம்மட்டி அடிக்க வந்திருக்கிறார், பாருங்கோ" என்று காட்டிக் காட்டிச் சிரித்தாய்.

எருக்கலம்பிட்டியில் கடற்கரைக்குப் போகிற தெருவில் நம் கம்மாலை, அந்த இரும்புப் பட்டறை, இருந்தது. நீ முருங்கன் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. நான் அந்த ஊர் முஸ்லிம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. பழுத்த இரும்பைக் குறட்டால் பிடித்துப் பட்டடையில் வைத்து, சின்னச் சுத்தியலால் நீ எங்கே அடிக்கிறாயோ அங்கே என் சம்மட்டி விழ வேண்டும். பேச்சே இல்லை. போதும் என்றால் இரும்பை விட்டுவிட்டு வெறும் பட்டடையில் இரண்டு தரம் மெல்லத் தட்டுவாய். அந்தத் தட்டுக் கேட்கும்வரை சம்மட்டிக்காரன் நிறுத்தக் கூடாது. அதுதான் தொழில் முறை.

ஒருநாள் மீன் முதலாளி ஒருவர் வந்து உன்னோடு கதை கொடுத்தார். நீ தட்ட மறந்துபோனாய். இரும்பு கறுத்து ஆறிவிட்டது, நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது.

"ஏன்டா மாடு மாதிரி அடிக்கிறாய்? ஆறினது தெரியேல்லயே?"

"நீ தட்டேல்லயே."

அந்தப் பதிலை நீ வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அப்போது எனக்கும் சிரிப்புத்தான்.

பிறகு சண்டை வந்தது. ஊரைத் துவக்கோடு ஆண்ட இயக்கம் ஒலிபெருக்கியில் சொன்னது, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று. அன்றைக்கும் ஒரு பெடியன்தான் எங்களுக்கு முன்னால் நின்று, எதைக் கொண்டு போகலாம், எதைக் கொண்டு போகக் கூடாது என்று சொன்னான். உடுப்பு மூட்டையைத் தலையில் வைத்து, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கம்மாலையைக் கடந்துதான் கடற்கரைக்குப் போனேன். நீ அடித்த மீன் கத்தி ஒன்று உம்மாவின் பைக்குள் இருந்தது. கரையில் வைத்து அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

கம்மாலைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நீ அடிக்கிற சத்தம் கேட்டது. ஊரே அழுதுகொண்டு தெருவில் போகிறது, உனக்கு என்ன வேலை வந்தது அன்றைக்கு? பழுத்த இரும்பில் அடித்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும். ஆறிய இரும்பு கணீரென்று கத்தும். நீ அடித்தது ஆறிய இரும்பில். உம்மா, "அவனக் கூப்பிட்டுச் சொல்லிட்டு வா மகன்" என்றார். நான் கூப்பிடவில்லை. நீயாகவே வந்து வாசலில் நிற்பாய் என்று பார்த்தேன். எங்களைக் காப்பாற்றச் சொல்லவில்லை, உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். வாசலில் வந்து நின்றிருக்கலாம். வள்ளத்தில் ஏற இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதும் அந்தச் சத்தம் கேட்டது. இப்போது தட்டுவான், இப்போது தட்டுவான் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். நீ தட்டவே இல்லை.

புத்தளத்தில் அகதியாக ஓலைக் கொட்டில். உப்பு மூட்டை சுமந்தேன். உம்மா அங்கேதான் மௌத்தாகி அடங்கினார். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது கம்மாலையில் நீ இருந்தாய், தலை நரைத்து, நெஞ்சு இழுத்துக்கொண்டு. தேத்தண்ணி தந்தாய். குடித்து முடித்த பிறகுதான் கேட்டேன்.

"ஏன்டா அண்டைக்கு வெளியில வரேல்ல?"

நீ குறட்டால் உலைக்கரியைக் கிளறினாய். "வந்தா என்ன சொல்லியிருப்பன்? போயிற்று வா எண்டு சொல்ல ஏலுமே? அதாலதான் நான் தட்டேல்ல மச்சான். வேலை முடிஞ்சுதெண்டு நான் சொல்லவே இல்லை."

நல்ல கதைதான். தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். "இது வீட்டில இருந்தவன் சொல்ற கதை. நான் தண்ணிக்குள்ள நிண்டனான்" என்று உன் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரம், "சம்மட்டி அங்கதான் கிடக்குது, எடன்" என்று கேட்டாய். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேனே தவிர, நான் அதைத் தொடவில்லை. தொட்டால் உன்னை மன்னித்ததாக ஆகிவிடும். எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை.

உன்னைச் சுடலைக்குக் கொண்டுபோன பிறகு உன் மனைவி என்னைக் கம்மாலைக்குள் கூப்பிட்டாள். கையில் சின்னச் சுத்தியல். அவளுக்கு நான் அண்ணன் முறை, நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். தான் போனாப் பிறகு பட்டடையில இரண்டு தரம் தட்டி விடச் சொன்னவர். நீங்கள் தட்டினாத்தான் தனக்கு நிம்மதியாம்."

சுத்தியலை வாங்கினேன். பிடியில் உன் விரல் தேய்த்த பள்ளங்கள் இருந்தன. பட்டடை காலடியில்தான் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலோடு வந்துவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது பையைக் கட்டிவிட்டேன். களிசான், பருத்திச் சட்டை, கண்ணாடி, கொஞ்சம் சிரட்டைக்கரி, அடிப்பதற்கு லொறி வில்லுத் தகட்டில் வெட்டிய ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே உன் சுத்தியல். முருங்கனில் முன்பின் தெரியாத எவனோ எனக்குச் சம்மட்டி அடிப்பான். கை ஓயும்வரை அவனைக் காக்க வைக்க மாட்டேன். இரும்பு ஆறுவதற்கு முன்னமே தட்டிவிடுவேன்.

உனக்கு மட்டும் தட்ட மாட்டேன். நீ தட்டுவாய் என்று நான் தண்ணீருக்குள் நின்றேன். நான் தட்டும்வரை நீயும் நில் மச்சான்.