ஸ்டெல்லாவின் ஒரே விதி

ஜூலை 3, 1991. புதன்.

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அறிவியல் எடுக்க ஸ்டெல்லா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாக்பீஸ் பிடிக்கவே இன்னும் சரியாக வரவில்லை. என் 'ஏ' பிரிவுச் சுவரில் பெரிய அட்டையில் விதிகள் தொங்குகின்றன. கண்ணாடிச் சாமானை உடைத்தவர்கள் அப்புறம் சோதனை மேசைப் பக்கமே வரக்கூடாது. அவளுக்கு ஒரே விதிதான்: உடைந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், திட்டமாட்டாள்.

இன்று என் மாணவி சுமதி தொட்டியடியில் சோதனைக்குழாய் கழுவும்போது அதை உடைத்துக் கையையும் கிழித்துக்கொண்டாள். ரத்தம் சொட்டச் சொட்ட என் வாசலைத் தாண்டி ஸ்டெல்லாவிடம் போயிருக்கிறாள். ஸ்டெல்லா தன் கைக்குட்டையால் கட்டுப் போட்டாளாம்.

"ஏண்டி, நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றேன்.

"நீங்க மேசைகிட்டயே சேக்கமாட்டீங்களே டீச்சர்."

மாலை அலமாரியைப் பூட்டும்போது என் கை பட்டுப் பள்ளியின் ஒரே கூம்புக் குடுவை விழுந்து நொறுங்கியது. ஹெட்மாஸ்டரிடம் சொல்லப் பயம். துண்டுகளைக் காகிதத்தில் சுற்றும்போது, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். சனியன், ஸ்டெல்லாவின் முகம்தான் வந்து நின்றது.

சொல்லவில்லை. சுங்குவார்சத்திரம் வரைக்கும் பஸ்ஸில், கைப்பைக்குள் கண்ணாடி கலகலத்துக்கொண்டே வந்தது.