மழை வரைக்கும் மூடி வை என்றாய்

இன்று காலை உப்பு ஏற்ற லாரி வந்தது. அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் வேய்ந்திருந்த பனையோலையை நானும் அப்பாவும் பிரித்தோம். மழையில் ஊறிய ஓலை ஒரு நாற்றம் நாறும், உனக்குத் தெரியும். அது மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. பாசத்தில் வரவில்லை, கோபத்தில் வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நீ பாண்டியில் ஷேர் புரோக்கர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர்களுக்காக வாங்கவும் விற்கவும் செய்துகொண்டிருந்தாய். நான் அந்தப் பக்கமே ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். தினமும் மரக்காணத்தில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நேற்று எது ஏறியது, எது விழுந்தது என்பதைக் கோட்டக்குப்பம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவாய். முன்சீட்டு ஆட்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள். நீ சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் உப்பு நல்ல விலைக்குப் போயிற்று. அந்தப் பணம் தங்கச்சியின் நர்சிங் படிப்புக்கு. ஆனி மாதம் ஃபீஸ் கட்டவேண்டும். அதுவரை பணம் ஏன் சும்மா தூங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு நீதான் வீட்டுக்கு வந்தாய்.

அப்பா இழுத்தார். "ஏம்பா, விலை இறங்கிடுச்சின்னா?"

"மாமா, பங்குனியில உப்பு விலை படுத்துடுது. உடனே வித்துடுவீங்களா?"

"எவன் விப்பான்? ஓலையப் போட்டு மூடி வெச்சிட்டு மழைக்குக் காத்துனு இருப்பேன்."

"ஷேரும் அதாங்க. இறங்கினா மூடி வெச்சிடுங்க. ஐப்பசியில தானா ஏறும்."

அப்பா சிரித்துவிட்டார். பணம் முழுக்க ஷேருக்குப் போயிற்று. அதுவரை யாரும் அவருக்கு ஷேரை உப்பாக்கிக் காட்டியதில்லை. எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்கு விழாத ஆள் கிடையாது. வெயிலில் விலை விழும், மழை வந்து பாத்தி மூழ்கினால் ஏறும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். உப்பளத்தைத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்குத் தெரியும். ஆனியில் வேண்டிய பணத்தை ஐப்பசிவரை எப்படி மூடி வைப்பது? அந்தக் கேள்வியைக் கேட்பதுதானே உன் வேலை?

பஸ்ஸில் நான் மட்டும் ஒன்று சொன்னேன். "இவ்ளோ விழுந்தா வித்துடணும்னு ஒரு அளவு வெச்சிப்போம்டா."

"டேய், இது என்னா மோட்டாரா, லோடு ஏறினா தானா ட்ரிப் ஆவறதுக்கு? உன் படிப்ப ஃபேக்டரி கேட்லயே கழட்டி வெச்சிட்டு வா."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மே மாதம் மார்க்கெட் விழுந்தது. ஒரு நாள் விழுந்து நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தது. தங்கச்சி டிவி முன்னால் உட்கார்ந்து, "அண்ணா, இன்னிக்கி என் காலேஜு எவ்ளோ இறங்கியிருக்குது?" என்று கேட்பாள். முதலில் அது கிண்டல்தான். இரண்டாவது வாரம் கிண்டல் போய்விட்டது. உனக்குப் போன் போட்டேன்.

"வித்துடலாமாடா?"

"லூசாடா நீ? பயந்தவன்தான் விப்பான். நான் ஒண்ணக்கூடத் தொடல. மூடி வெச்சிட்டுக் கம்முனு கெட."

கம்மென்று கிடந்தேன். ஃபீஸ் கட்டும் நாள் வந்தது, மழை வரவில்லை. ஆகக் கீழே கிடந்த விலைக்கு எல்லாவற்றையும் விற்றோம். ஃபீசுக்குப் பற்றவில்லை. சீட்டு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. தங்கச்சி இப்போது உப்பு பாக்கெட் போடும் கம்பெனிக்குப் போகிறாள். அந்த வாரம் நீ வீட்டுக்கு வந்தாய். "போனது போச்சி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனாய்.

ஆவணியில் ஈசிஆர் ரோட்டில் உன் வண்டிமேல் லாரி ஏறியது. பாடையில் ஒரு பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன். அழுதேன். அதை இப்போதும் மறைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் ஆபீஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். "மனுஷனுக்கு என்னா மூக்குங்க! மே மாசம் மொத அடி விழுந்த அன்னிக்கே அவர் பேர்ல இருந்தத எல்லாம் வித்துட்டாரு. ஆபீஸ்ல அவர் ஒருத்தர்தாங்க தப்பிச்சாரு."

"ஒண்ணக்கூடத் தொடல" என்று போனில் சொன்னாயே, அப்போது உன்னிடம் தொடுவதற்கு ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்தேன். எங்களுடைய கொஞ்ச ஷேரை விற்றால் உனக்கு நஷ்டமில்லை. விலையும் அதனால் இறங்கியிருக்காது. எனக்குத் தோன்றுவது இதுதான்: நீ பேசினால் பஸ்ஸே உட்கார்ந்து கேட்கும். நீயே விற்றுவிட்டாய் என்று தெரிந்தால் அந்த முன்சீட்டு ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மரியாதைக்குத் தங்கச்சியின் ஒரு வருஷத்தைக் கொடுத்துவிட்டாய். விற்றதை மன்னித்துவிட்டேன், நானாக இருந்தாலும் விற்றிருப்பேன். போனில் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது வேறு. ஐப்பசியில் மார்க்கெட் ஏறிவிட்டது. நீ சொன்ன மாதிரியே. அப்பா என்னைப் பார்த்து, "அவன் சொன்னது நெசந்தான்டா, நமக்குத்தான் பொறுக்கல" என்றார். அவரிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. உன்மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் காவல் காக்கிறேன். எனக்கு இது என்ன தலையெழுத்து?

ஷேரை நான் விட்டுவிடவில்லை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. தங்கச்சிக்கு அடுத்த ஆனியில் வேண்டியது பேங்க் டெபாசிட்டில் இருக்கிறது, அதை யாரும் தொட முடியாது. என் சம்பளத்தில் பல வருஷம் தேவைப்படாத கொஞ்சத்தை மட்டும் நாலைந்து கம்பெனியில் பிரித்துப் போடுகிறேன். என்ன வாங்கினேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறேன்.

போன வாரம் ஒரு கம்பெனி ஷேர் சரிந்தது. விற்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பாவிடம் சொன்னேன்.

"எதுக்குடா வித்த? மூடி வெச்சிருக்கலாமே."

"பயமா இருந்திச்சிப்பா."

அப்பா கேலி செய்யவில்லை. "சரி, கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார்.

அவ்வளவுதான்டா. பயந்து விற்றேன் என்று சொன்னதால் அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை.