ராணியின் குளியலறையில் நான் சொன்ன சாட்சி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது, போனில் நீ எதைக் கேட்டாலும் நல்லாயிருக்கோம்மா என்பாய், அதை நான் நம்புவதில்லை.

ஊர் உனக்கு அடையாளமே தெரியாது. குதிரை லாயம் இருந்த இடத்தில் இப்போது பேருந்துகள் நிற்கின்றன, ஒரு குதிரை கூட இல்லாவிட்டாலும் கண்டக்டர் இன்னமும் "லாயம் எல்லாம் இறங்கு" என்றுதான் கத்துகிறான். ராஜாவின் பேரன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தாத்தா வந்தால் மரியாதைக்கு ஒதுங்கினோம், பேரன் வந்தால் உயிருக்குப் பயந்து ஒதுங்குகிறோம். அரண்மனை முழுக்க ஆபீஸ்தான், உனக்குத் தெரிந்ததுதானே. புதிதாக வந்திருக்கும் அதிகாரிப் பெண் ஒவ்வொரு அறைக்கும் நம்பர் எழுதி மாட்டியிருக்கிறாள், பாவம், அந்த நம்பர் அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பியூனிடமே கேட்டேன், "பதினாலா? ஓ, குளியலறையா, நேரா போங்க" என்கிறான். ராணி குளித்த தொட்டியில் ஃபைல் அடுக்கியிருக்கிறார்கள். ஆபீஸில் துப்புரவு வேலை பார்த்த முப்பத்தொரு வருஷமும் நான் தேய்த்துக் கழுவிய தொட்டி, இப்போது ஒரு விரல் தூசி.

அந்த அறையில்தான் போன செவ்வாய்க்கிழமை நான் சாட்சி சொன்னேன். நம் தெருவில் அரண்மனை வேலையாட்களுக்கு ராஜா கொடுத்த வீடுகளை அவரவர் பேருக்கே எழுதித் தருகிறார்கள், பழைய பதிவேட்டில் குடும்பத்தின் பேர் இருந்தால் போதும். நமக்கு இருந்தது, அரண்மனைத் தையல்காரி என்று உன் பாட்டி பேர் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் ஆபீஸின் பழைய தலைமை எழுத்தர் குடும்பத்தின் பேர் இருந்த தாளை மட்டும் கரையான் தின்றுவிட்டது. ராஜா காலத்திலேயே அவர் குடும்பம் அங்கே இருந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாராவது வியாழக்கிழமைக்குள் வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீடு அரசாங்கத்துக்குப் போய்விடும். அப்படிப் பார்த்த ஆள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் மிச்சம்.

அவருக்கும் எனக்கும் பதினெட்டு வருஷமாகப் பேச்சில்லை, ஏன் என்று நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நான் வேலையிலிருந்து நின்ற அன்று எல்லாரையும் கூட்டி வைத்து என்னைப் பற்றிப் பேசினாரே, பேசும்போது என் பேர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. தினமும் அவர் மேஜைக்கு அடியில் குனிந்து துடைத்தவளின் பேர். இந்த அம்மா, இந்த அம்மா என்றே ஒப்பேற்றினார். ஐந்து தடவை, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. "அக்கா" என்றார். ஒரே நாளில் அக்கா ஆகிவிட்டேன் பார். "இந்த அம்மாகிட்ட உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "எழுபத்தொரு வயசுல நான் எங்கக்கா போவேன்?" என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உன் அண்ணி வேறு சாப்பாடு போடும்போதெல்லாம் "பாவம் அத்தை, பாவம் அத்தை" என்று என் உயிரை வாங்கினாள். யோசித்தேன் என்பது பொய்தான். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது, ஆனாலும் ஒரு நாள் தவிக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

மறுநாள் போனேன். அதிகாரிப் பெண் பேனாவைத் திறந்து, "இவரை எப்பலேர்ந்து தெரியும் பாட்டி?" என்றாள். "பொறந்த அன்னிலேர்ந்து" என்றேன். அப்போது எனக்கு ஏழு வயசு. இவர் அப்பா அரண்மனைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பவர், கடைசிக்கு முந்தின வீடு, பச்சை ஜன்னல். இவர் அம்மா நல்ல உயரம், இடதுகைக்காரி, துணி உலர்த்தும்போது விசில் அடிப்பாள். பொம்பளை விசிலடிக்கலாமா என்று தெருவே முணுமுணுக்கும், அவள் இன்னும் சத்தமாக அடிப்பாள், அந்த விசிலைக் கேட்டால்தான் இவர் சோற்றுக்கு வாயைத் திறப்பார். இப்படிச் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் திரும்பிப் பார்த்தால் மனிதர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கண்ணில் தண்ணீர். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் செத்தபோது இவருக்கு மூன்று வயசு. ஒரு போட்டோ கிடையாது, அப்பாவும் அவளைப் பற்றி வாயே திறந்ததில்லை. "போதும் பாட்டி, எழுதிட்டேன்" என்றாள் அந்தப் பெண். "மேடம், கொஞ்சம் பொறுங்க, அக்கா சொல்லட்டும்" என்கிறார் இவர்.

வீடு அவர் பேருக்கே ஆகிவிட்டது. இப்போது தினமும் மூன்று மணிக்கு வந்து நம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, வேற என்னக்கா, வேற என்னக்கா என்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றுதான் சொல்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நான் அவரோடு பேசுவதில்லை, அதில் மாற்றமில்லை, அவர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், அது வேறு. அவள் எப்படித் தலை வாருவாள் என்று நேற்று சொன்னேன். இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறதோ தெரியவில்லை. எல்லாம் தீர்ந்துபோனால் இந்த மனுஷன் வராமல் இருந்துவிடுவாரே என்று, கருமம், நானே அளந்து அளந்து சொல்கிறேன்.

வேலை அவசரத்தில் நின்றுகொண்டே சாப்பிடாதே, குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. சின்னவன் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டேன், மறந்துவிடாதே. நோய் நொடி அண்டாமல், சண்டை போட்டாலும் சேர்ந்தே சாப்பிட்டுக்கொண்டு, எல்லாரும் நிறைவாக இருங்கள். படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது, இன்றைக்கு எதைச் சொல்வது என்று நான் இன்னும் யோசிக்கவே இல்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா