வாழையிலையில் கிடந்த நாட்கள்

வல்வெட்டித்துறை,
4.11.1973

அன்புள்ள மகன் குலேந்திரனுக்கு,

நீயும் மருமகளும் அந்த வெளிநாட்டுக் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று நினைத்தபடி எழுதுகிறேன். நானும் சுகம் என்று இன்றைக்குத்தான் மனமறிய எழுதக்கூடியதாய் இருக்கிறது. போன கடிதங்களை உன் ஐயா எழுதியதைக் கண்டு நீ யோசித்திருப்பாய். என் விரல்கள் பேனை பிடிக்கும் நிலையில் இருக்கவில்லை ராசா, இப்போது முழுவதையும் சொல்கிறேன், பயப்படாமல் வாசி.

பங்குனியில் எனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது உனக்குத் தெரியும். வேப்பிலைத் தண்ணீர் வார்த்து எல்லாம் ஆறின பிறகு வாய்க்குள் புண் வெடித்தது, வெறுங்கஞ்சியும் எரிந்தது, பிறகு முதுகிலும் நெஞ்சிலும் பெரிய நீர்க்கொப்புளங்கள், சீலை பட்டாலே உடைந்து தோல் உரிந்துவிடும். அம்மாள் திரும்பி வந்துவிட்டா என்று ஊர் பேசியது. உன் மாமி சின்னத்தங்கம் சோற்றுச் சட்டியை வேலிப் படலையடியில் வைத்துவிட்டு, “பிள்ளையள் இருக்கிற வீடு மச்சாள், குறை நினையாதையுங்கோ” என்று அங்கே நின்றே சொல்லிப்போட்டுப் போவா. கிட்ட வராதேயுங்கோ என்று ஐயாவுக்கும் நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை, கார் பிடித்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே வின்சன்ற் என்ற டொக்டர் தோலில் ஒரு துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, “கொப்புளிப்பானை எதிர்க்க எழும்பின உடம்பு அது போன பிறகும் அடங்காமல் தன்ரை தோலையே அடிக்குது, ஒருத்தருக்கும் தொற்றாதம்மா” என்றார். “கேட்டியோ, தொற்றாதாம்” என்று ஐயா அவருக்கு முன்னாலேயே என் கையைப் பிடித்தார். தொற்றும் என்று நினைத்திருந்த காலத்திலும் அந்தக் கை விலகினதில்லை.

மெத்தைச் சீலை புண்ணில் ஒட்டும் என்று என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாழையிலையில் கிடத்தினார்கள். ஐயா விடிய எங்கள் வீட்டு வளவில் இலை வெட்டிச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். கப்பலோடின மனிசன், வீட்டில் நாலு சொல்லுக்கு மேல் கதையாதவர், நான் நோவை மறக்க வேண்டுமென்று பழைய கதையெல்லாம் எடுத்தார். கலியாணம் முடித்த புதிதில் அரிசி ஏற்ற பர்மாவின் அக்கியாபுக்குப் பாய்க்கப்பலில் போனபோது, காற்று விழுந்து நடுக்கடலில் நின்றார்களாம், நான் கட்டிக் கொடுத்த பனங்கட்டி ஓலைக் குட்டானை உடைக்க மனமில்லாமல் மூக்கில் வைத்து மணந்துகொண்டே இருந்தாராம். அந்த நாட்களில் நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும், அவர் அங்கிருந்து இந்தப் பக்கம் பார்த்தது தெரியாது. உடம்பு முழுக்கப் புண்ணோடு கிடந்து புதுப்பெண்போல் வெட்கப்பட்டேன், மகன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன், புதுக் கொப்புளம் இல்லை. விழுங்குகிற குளிசையால் முகம் ஊதிக் கிடக்கிறது, சட்டென்று நிறுத்தக்கூடாதாம், மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள், இந்தத் தோல் வருத்தம் திரும்பியும் வரலாமாம், அதையும் உனக்கு மறைக்கவில்லை. சின்னத்தங்கம் வந்து பக்கத்தில் இருந்து அழுதா, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தா. தோளை உயர்த்தினால் இன்னும் இழுக்கிறது, அதனால் ஐயாதான் சீப்பால் தலை இழுத்துவிடுகிறார். உச்சி வகிடு கோணலாய்ப் போகிறது, கண்ணாடியில் கண்டும் நான் திருத்துவதில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கோணல் உச்சியோடேயே சந்நிதிக் கோயிலுக்குப் போய் வந்தேன்.

விழுந்தடித்து ஓடி வராதே, படிப்பை முடி. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஐயாவுக்கென்று தனியாய் ஒரு கடிதம் எழுது, அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார், ஆனால் தபாற்காரனின் மணி கேட்டால் முதலில் எழும்புகிறவர் அவர்தான். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
மகாதேவி